குறைதிறன் விசையுந்துகளும் பிரித்தானிய விரைவுச்சாலைகளும்

பிரித்தானியாவில் விசையுந்து (மோட்டார் சைக்கிள்) ஓட்டக் கற்போர் பெரும்பாலும் 125 சிசி வரையிலான குறைதிறன் வண்டிகளிலேயே தொடங்குகின்றனர். கற்கும் காலத்தில் அவர்கள் மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலைகளில் நுழையச் சட்டம் தடை விதிக்கிறது. தேர்வில் வெற்றி பெற்று முழு உரிமம் பெற்றவுடன், அதே 125 சிசி வண்டியில், அதே நாளில், துணையின்றி விரைவுச்சாலையில் செல்ல முடியும். இடையில் விரைவுச்சாலைக்கென எந்தப் பயிற்சியும் கட்டாயமாக்கப்படவில்லை. இக்கட்டுரை இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் உள்ள நடைமுறையை விவரிக்கிறது. வட அயர்லாந்தின் விதிகள் தனியானவை.

வரலாறு

பிரித்தானியாவின் முதல் விரைவுச்சாலையான பிரெஸ்டன் புறவழிச்சாலை 1958 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் எம்1 சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. அப்பொழுது இச்சாலைகளில் வேக வரம்பு எதுவும் இருக்கவில்லை. மணிக்கு 70 மைல் (சுமார் 112 கிமீ) என்ற வரம்பு 1965 டிசம்பரில் தற்காலிகமாக அறிமுகமாகி, 1967 இல் நிலையானது.

கற்போர் ஓட்டக்கூடிய வண்டியின் அளவுக்கும் தொடக்கத்தில் வரம்பு இல்லை. எல் பலகை கட்டிக்கொண்டு எவ்வளவு பெரிய விசையுந்தையும் ஓட்டலாம் என்ற நிலை 1961 இல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு முதல் கற்போருக்கு 250 சிசி உச்சவரம்பு ஆனது. எனினும் பொறியியல் வளர்ச்சி இவ்வரம்பைப் பொருளற்றதாக்கியது. 1970களின் இறுதியில் யமகா ஆர்டி250, சுசுகி எக்ஸ்7 போன்ற இரு வீச்சுப் பொறி வண்டிகள் மணிக்கு 100 மைல் வேகத்தை நெருங்கின. இவற்றைப் பதினேழு வயது இளைஞர் எந்தப் பயிற்சியும் இன்றி வாங்கி ஓட்டலாம். (இந்தியாவில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் விற்கப்பட்ட வண்டி, இந்த ஆர்டி வரிசையில் உள்ள 350 சிசி வண்டியின் வடிவமே ஆகும்.) 1983 இல் வரம்பு 125 சிசி ஆகக் குறைக்கப்பட்டது.

பதினாறு வயதினரின் கதையும் இதைப் போன்றதே. 1971 டிசம்பர் முதல் அவர்கள் 50 சிசி மொபெட்டுகளை மட்டுமே ஓட்டலாம் என்றானது. மொபெட் என்றால் மிதிகட்டை இருக்க வேண்டும் என்று சட்டம் கூறியதால், மிதிகட்டை பொருத்திய சிறு விசையுந்துகளைத் தயாரிப்பாளர்கள் விற்கத் தொடங்கினர். யமகா எஃப்எஸ்1-இ இவற்றுள் புகழ்பெற்றது. 1977 இல் மொபெட்டின் வேகமே மணிக்கு 30 மைல் எனக் கட்டுப்படுத்தப்பட்டது. கன அளவை வரையறுத்தால் திறன் கூடும், திறனை வரையறுத்தால் வேறு வழி தேடப்படும் என்பதை இந்த இருபது ஆண்டு வரலாறு காட்டுகிறது.

பழைய தேர்வு முறையும் எளிமையானதாகவே இருந்தது. தேர்வாளர் சாலையோரத்தில் நின்றுகொண்டிருப்பார். தேர்வர் தெருக்களைச் சுற்றி வருவார். ஓரிடத்தில் தேர்வாளர் திடீரென முன்வந்து கையை உயர்த்த, வண்டியை உடனே நிறுத்த வேண்டும். தெருமுனை திரும்பியபின் தேர்வர் என்ன செய்தார் என்பதைத் தேர்வாளரால் அறிய இயலாது. தேர்வாளர் மற்றொரு வண்டியில் பின்தொடர்ந்து, வானொலிக் கருவி வழியே வழிகாட்டும் முறை 1990 வாக்கில் இதற்கு மாற்றாக வந்தது.

கட்டாய அடிப்படைப் பயிற்சி

1990 இல் கட்டாய அடிப்படைப் பயிற்சி நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலச் சுருக்கமான சிபிடி என்ற பெயரிலேயே இது பரவலாக அறியப்படுகிறது. பொதுவாக ஒரு நாளில் முடியும் இப்பயிற்சி ஐந்து கூறுகளைக் கொண்டது. முதலில் அறிமுகமும் கண்பார்வைச் சோதனையும் நடைபெறும். புதிய வகை எண் பலகை ஒன்றை 20 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டும். அடுத்து, வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அன்றாடச் சோதனைகளும் விளக்கப்படுகின்றன.

மூன்றாம் கூறுதான் பலருக்குக் கடினமானது. போக்குவரத்து இல்லாத திடலில் வண்டியைத் தள்ளி நகர்த்துதல், கிளட்ச் பிடிக்கும் அளவை உணர்தல், கியர் மாற்றல், இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பயன்படுத்தல், எட்டு வடிவில் ஓட்டல், சாலையின் குறுக்கே முழுமையாகத் திரும்பல், அவசரமாக நிறுத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. மெதுவாகச் செல்லும்போது விசையுந்து நிலைகுலையும் என்பதால், இங்கே வேகமாக ஓட்டுவதை விட மெதுவாக ஓட்டுவதே உண்மையான திறமை. பின்பிரேக்கை இலேசாக அழுத்திக்கொண்டு கிளட்சைப் பாதி விடும் நுட்பம் கைவந்துவிட்டால் மற்றவை எளிதாகின்றன. பார்வை போகும் திசையில் வண்டியும் போகும் என்பது பயிற்றுநர்கள் இடைவிடாமல் சொல்லும் பாடம். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு எட்டு போடுபவர் பெரும்பாலும் காலை ஊன்றிவிடுகிறார்.

நான்காம் கூறு சாலை விதிகள் குறித்த உரையாடல். ஐந்தாம் கூறில் குறைந்தது இரண்டு மணிநேரம் பொதுச்சாலையில் ஓட்ட வேண்டும். திடலில் ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேர் வரை இருக்கலாம், சாலையில் இருவருக்கு மேல் கூடாது. திரும்புவதற்குச் சற்று முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இங்கு வலியுறுத்தப்படுகிறது. கண்ணாடியில் தெரியாத பகுதியில் வரும் வண்டியைக் காட்டுவதால் இதற்கு 'உயிர்காக்கும் பார்வை' என்ற பொருளில் ஒரு பெயரும் உண்டு.

இது தேர்வு அன்று. தேறுதல், தவறுதல் என்பது இல்லை. ஓட்டுபவர் சாலையில் தனியே செல்லப் பாதுகாப்பானவர் என்று பயிற்றுநர் கருதினால் சான்றிதழ் வழங்குவார், இல்லையேல் மற்றொரு நாள் வரச் சொல்வார். சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதைக் கொண்டு பதினேழு வயது நிறைந்தவர் 125 சிசிக்கும் 11 கிலோவாட்டுக்கும் மேற்படாத வண்டியை எல் பலகையுடன் (வேல்சில் டி பலகையும் ஏற்கப்படும்) ஓட்டலாம். பின்னால் எவரையும் ஏற்றக்கூடாது. விரைவுச்சாலையில் செல்லக்கூடாது.

இரண்டு ஆண்டுகள் முடிந்தபின் மீண்டும் ஒரு நாள் பயிற்சி பெற்று மற்றொரு சான்றிதழ் வாங்குவதற்குத் தடை இல்லை. ஆகவே முழுத்தேர்வுக்கே செல்லாமல், சான்றிதழை மட்டும் புதுப்பித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் உள்ளனர். நகரங்களில் உணவு கொண்டு சேர்க்கும் தொழிலில் இருப்போரிடம் எல் பலகை பொருத்திய ஸ்கூட்டர்களைப் பரவலாகக் காணலாம். நாள் முழுதும் சாலையில் வாழ்பவர் சட்டத்தின் கண்ணில் கற்பவராகவே இருக்கிறார் என்பது இம்முறையின் முரண்களில் ஒன்று.

உரிமமும் தேர்வுகளும்

மூன்றாம் ஐரோப்பிய ஓட்டுநர் உரிம நெறியாணைக்கு இணங்க, 2013 சனவரி 19 முதல் நான்கு வகை உரிமங்கள் உள்ளன. ஏஎம் என்பது மணிக்கு 28 மைல் (45 கிமீ) வேகத்துக்கு மேற்படாத மொபெட்டுகளுக்கானது, வயது 16. ஏ1 என்பது 125 சிசி, 11 கிலோவாட் வரை, வயது 17. ஏ2 என்பது 35 கிலோவாட் வரை, வயது 19. வரம்பற்ற ஏ வகைக்கு 24 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏ2 உரிமத்தை இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு 21 வயது போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா 2020 இல் விலகிய பின்னரும் இவ்வமைப்பு தொடர்ந்தது.

எழுத்துத் தேர்வில் 50 வினாக்களுக்கு 43 சரியான விடைகள் தேவை. அத்துடன் திரையில் காட்டப்படும் காட்சிகளில் ஆபத்து உருவாவதை முன்னறியும் தேர்வும் உண்டு. செயல்முறைத் தேர்வு 2009 ஏப்ரல் முதல் இரு பகுதிகளாக நடைபெறுகிறது. முதற்பகுதி தனித்திடலில் நடக்கும். அதில் அவசர நிறுத்தலும் தடையை விலகிச் செல்லலும் மணிக்கு 50 கிமீ வேகத்தில் செய்யப்பட வேண்டும். இரண்டாம் பகுதி சுமார் 40 நிமிடச் சாலை ஓட்டம்.

இந்த 50 கிமீ என்ற எண் பெரும் சர்ச்சையை எழுப்பியது. பிரித்தானிய நகரச் சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 30 மைல், அதாவது 48 கிமீ. இரண்டு கிலோமீட்டர் வேறுபாட்டினால் தேர்வின் இப்பகுதியை வழக்கமான தெருக்களில் நடத்த முடியாமல் போயிற்று. தனித்திடல்கள் கட்ட வேண்டியிருந்தது. அவை எண்ணிக்கையில் குறைவாக இருந்ததால், தேர்வுக்கே நெடுந்தொலைவு ஓட்டிச் செல்ல வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. நாடாளுமன்றக் கீழவையின் போக்குவரத்துக் குழு 2010 இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

ஏ1 தேர்வுக்குக் கொண்டுவரப்படும் வண்டி 120 முதல் 125 சிசி வரையிலும், மணிக்கு குறைந்தது 90 கிமீ செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த 90 என்ற எண்ணை நினைவில் கொள்வது நல்லது.

விரைவுச்சாலை விதிகள்

இங்கிலாந்து, வேல்ஸ் விரைவுச்சாலைகளின் போக்குவரத்து 1982 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் கட்டுப்படுத்தப்படுகிறது. நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 253 ஆம் விதி இதை எளிய மொழியில் தருகிறது. நடந்து செல்வோர், மிதிவண்டி ஓட்டுவோர், குதிரையில் செல்வோர், 50 சிசிக்குக் குறைந்த விசையுந்துகள், விசையுந்துக்கான தற்காலிக உரிமம் மட்டும் உள்ளோர் ஆகியோருக்கு அனுமதி இல்லை. மீறினால் உரிமத்தில் மூன்று தண்டப் புள்ளிகள் பதியப்படலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, தடை வண்டியின் திறனைப் பொறுத்ததன்று, ஓட்டுபவரின் உரிமத்தைப் பொறுத்தது என்பதாகும். நாற்பது வயதான ஒருவர் ஏ வகைத் தேர்வுக்காக 650 சிசி வண்டியில் பயிற்சி பெறுகிறார் எனக் கொள்வோம். பயிற்றுநர் அருகிலேயே வானொலித் தொடர்புடன் வந்தாலும், அவர் விரைவுச்சாலையில் நுழைய முடியாது. ஏ1 உரிமம் பெற்ற பதினேழு வயதினர் 125 சிசி வண்டியில் தனியே நுழையலாம். கார் கற்போருக்கு இருந்த தடை 2018 சூன் 4 அன்று தளர்த்தப்பட்டது. தகுதி பெற்ற பயிற்றுநருடன், இரட்டைக் கட்டுப்பாடு உள்ள காரில் அவர்கள் விரைவுச்சாலையில் பயிலலாம். விசையுந்தில் பயிற்றுநரால் பிரேக்கை அழுத்த இயலாது. விசையுந்து கற்போருக்குத் தடை அப்படியே நீடித்தது.

மறுபுறம், நடுவில் தடுப்புடன் கூடிய இருபாதைச் சாலைகள் பல விரைவுச்சாலையைப் போலவே தோன்றுகின்றன. அவற்றின் வேக வரம்பும் 70 மைல்தான். ஆனால் ஏ2, ஏ3 போன்ற ஏ வகைச் சாலைகளில் எல் பலகையுடன் செல்வதற்குப் பொதுவான தடை இல்லை. இலண்டனைச் சுற்றிவரும் எம்25 சாலை தேம்சு ஆற்றைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் பகுதிக்கு மட்டும் ஏ282 என்ற தனி எண் வழங்கப்பட்டுள்ளது. விரைவுச்சாலையில் செல்ல இயலாத ஊர்திகளும் ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதே காரணம். அங்கு விசையுந்துகளுக்குச் சுங்கக் கட்டணமும் இல்லை. எம்48 சாலையைத் தாங்கும் பழைய செவர்ன் பாலத்திலோ மிதிவண்டிப் பாதையில் மொபெட்டுகள் செல்லலாம்.

கற்பவருக்கு உண்மையான இடர் தவறுதலாக நுழைந்துவிடுவதே. வழிகாட்டிக் கருவிகள் ஓட்டுபவரின் உரிமத்தை அறியா. விரைவுச்சாலையைத் தவிர்க்கும் தெரிவை அமைக்காவிட்டால் அவை மிகக் குறுகிய நேர வழியையே காட்டும். நீலப் பலகையைக் கடந்து நுழைபாதையில் இறங்கிவிட்டால் பின்வாங்கவோ திரும்பவோ சட்டம் இடம் தராது. அடுத்த வெளியேறும் இடம் வரை செல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

11 கிலோவாட் எதற்குப் போதும்?

சமதளத்தில் வேகமாகச் செல்லும் விசையுந்தின் திறனில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. இதற்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவருக்கு மணிக்கு 80 கிமீ வேகத்தில் சுமார் 3.3 கிலோவாட் தேவைப்படும் எனில், 100 கிமீ வேகத்தில் அது ஏறத்தாழ இரு மடங்காகி 6.4 கிலோவாட் ஆகிறது. 112 கிமீ வேகத்தில் 9 கிலோவாட்டை எட்டுகிறது. சங்கிலி, கியர், டயர் ஆகியவற்றின் இழப்பைச் சேர்த்தால் 11 கிலோவாட் முழுதும் தீர்ந்துவிடும். அதுவும் எல்லா 125 சிசி வண்டிகளும் 11 கிலோவாட் தருவன அல்ல. பயிற்சிப் பள்ளிகளில் நீண்ட காலம் பயன்பட்ட ஓண்டா சிஜி125, யமகா ஒய்பிஆர்125 போன்றவை சுமார் 10 குதிரைத்திறன் (7.5 கிலோவாட்) அளவே கொண்டவை.

எஞ்சிய திறன் இல்லாமையே குறைதிறன் வண்டியின் சிக்கல். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 210 கிலோகிராம் எனக் கொண்டால், மூன்று விழுக்காடு ஏற்றத்தில் 100 கிமீ வேகத்தைத் தக்கவைக்கக் கூடுதலாக 1.7 கிலோவாட் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத மேடு கூட வேகத்தை 85 கிமீ அளவுக்கு இறக்கிவிடும். எதிர்க்காற்றும் அவ்வாறே.

லாரிகளுக்கு இடையில்

பிரித்தானியாவில் கனரக லாரிகளில் வேகக் கட்டுப்படுத்தி பொருத்தப்பட்டு, அவற்றின் வேகம் மணிக்கு 90 கிமீ (56 மைல்) என வரையறுக்கப்படுகிறது. ஏ1 தேர்வு வண்டிக்குத் தேவையான குறைந்த அளவும் இதே 90 தான். ஆகவே 125 சிசி வண்டி விரைவுச்சாலையின் இடப்பக்கப் பாதையில் லாரிகளோடு ஒரே வேகத்தில் செல்கிறது. இது முற்றிலும் தீயதன்று. இடப்பாதையில் போக்குவரத்தின் வேகத்தோடு ஒன்றிச் செல்லும் வண்டி எவருக்கும் இடையூறு அன்று. முன்னும் பின்னும் இரண்டு வினாடி இடைவெளி இருக்கும் வரை, சிறிய விசையுந்து அங்கு அமைதியாகச் செல்லலாம்.

முந்திச் செல்ல முற்படும்போதுதான் நிலைமை மாறுகிறது. 90 கிமீ வேகத்தில் செல்லும் 16.5 மீட்டர் நீள லாரி ஒன்றை 100 கிமீ வேகத்தில் கடப்பதாகக் கொள்வோம். பின்னால் 50 மீட்டரில் தொடங்கி முன்னால் 50 மீட்டரில் முடித்தால், வேறுபாட்டு வேகத்தில் சுமார் 116 மீட்டரைக் கடக்க வேண்டும். வினாடிக்கு 2.8 மீட்டர் என்ற கணக்கில் இதற்கு 42 வினாடி ஆகும். அதற்குள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அவ்வளவு நேரமும் நடுப்பாதையில், 112 கிமீ வேகத்தில் வரும் கார்களின் முன்னே இருக்க வேண்டும். நடுவில் ஒரு மேடு வந்தால் முந்துதல் முடிவடையாமலே நின்றுவிடும். லாரியின் மறைவில் இருந்து வெளிப்படும் கணத்தில் பக்கக்காற்று இலேசான வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளுவதும் உண்டு. முந்தாமல் இடைவெளியைக் கூட்டிக்கொள்வதே பெரும்பாலும் சரியான முடிவு.

இதே காரணத்தால் நுழைபாதையின் முழு நீளத்தையும் வேகம் எடுக்கப் பயன்படுத்த வேண்டியுள்ளது. அவசர நிறுத்தப் பாதை இல்லாத 'திறன்மிகு விரைவுச்சாலை'களில் வண்டி பழுதானால் ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. புதிதாக இத்தகைய சாலைகள் அமைக்கும் திட்டங்களை அரசு 2023 ஏப்ரலில் கைவிட்டது. முன்னரே அமைந்தவை பயன்பாட்டில் உள்ளன. நீண்ட நேரம் உயர்ந்த சுழற்சியில் ஓடும் சிறு பொறியில் எண்ணெய் அளவைப் பயணத்துக்கு முன் பார்ப்பது இங்கு வெறும் சம்பிரதாயம் அன்று.

எவ்வாறாயினும், விரைவுச்சாலைகள் பிரித்தானியாவின் மிகப் பாதுகாப்பான சாலைகளாகவே உள்ளன. எதிரே வரும் வண்டி இல்லை, குறுக்குச் சந்திப்பு இல்லை. நாட்டின் மொத்தப் போக்குவரத்தில் விசையுந்துகளின் பங்கு சுமார் 1 விழுக்காடு. சாலை இறப்புகளில் அவற்றை ஓட்டுவோரின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆனால் இவ்விறப்புகளில் பெரும்பாலானவை நிகழ்வது வளைவுகள் நிறைந்த ஊர்ப்புறச் சாலைகளில்தான். அச்சாலைகள் கற்போருக்கு முதல் நாளிலிருந்தே திறந்துள்ளன.

தேர்வுக்குப் பின் விருப்பத்தின் பேரில் பெறக்கூடிய பயிற்சிகள் உண்டு. ஓட்டுநர் மற்றும் ஊர்தித் தர முகமையின் மேம்பட்ட ஓட்டுநர் திட்டம் விரைவுச்சாலை ஓட்டத்தையும் உள்ளடக்கியது. காவல்துறையினர் நடத்தும் பைக்சேஃப் என்ற பயிலரங்கும் அறியப்பட்டதே.

வெளிநாட்டு உரிமம் உடையோர்

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் உரிமங்களைப் பிரித்தானிய உரிமமாக மாற்றிக்கொள்ள இயலாது. அங்கு குடியேறியவர் தம் நாட்டு முழு உரிமத்தில் குறிப்பிட்டுள்ள விசையுந்தை, வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் ஓட்டலாம். அக்காலத்தில் அவர் கற்பவர் அல்லர் என்பதால் எல் பலகையும் விரைவுச்சாலைத் தடையும் அவருக்கு இல்லை. பன்னிரண்டு மாதம் முடிந்ததும் தற்காலிக உரிமம், அடிப்படைப் பயிற்சி, எல் பலகை என எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பல ஆண்டுகள் ஓட்டியவரும் இதற்கு விலக்கு அல்லர். காலக்கெடு கடந்தபின் பழைய உரிமத்தை நம்பி ஓட்டினால் காப்பீடும் செல்லாமற் போகலாம் என்பதால், தேர்வுகளை முதல் ஆண்டுக்குள்ளேயே முடித்துக்கொள்வது நலம்.

பிற நாடுகளில்

தடைக்கோட்டை எங்கு வரைவது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. செருமனி கன அளவைப் பார்ப்பதில்லை. மணிக்கு 60 கிமீக்கு மேல் செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்ட ஊர்தி எதுவும் ஆட்டோபானில் நுழையலாம். சப்பானில் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு விரைவுச்சாலை மூடப்பட்டுள்ளது. இத்தாலி 150 சிசி என்ற எல்லையை நெடுங்காலம் பேணி, 2024 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் வயது வந்தோர் ஓட்டும் 125 சிசி வண்டிகளுக்கும் வழிவிட்டது. இலங்கையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 இல் திறக்கப்பட்டபோதே விசையுந்துகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. இந்தியாவில் மும்பை-புனே விரைவுச்சாலையில் இருசக்கர ஊர்திகளுக்கு இடமில்லை. பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகத்து 1 முதல் அவை தடுக்கப்பட்டன.

மலேசியா இதற்கு நேர்மாறானது. அங்கு 'காப்சாய்' எனப்படும் சிறு விசையுந்துகள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலும் செல்கின்றன. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் விசையுந்துகளுக்கெனத் தனிப்பாதையே அமைக்கப்பட்டுள்ளது.